ஆண்டியப்பனையும் சவரிமுத்தையும் ஒப்பிடுதல்

6 மார்ச் 1993, சனி

என் பெயர் சன்னாசி. வயது எழுபது. ஊர் ஆறாங்கட்டைத் தோட்டம்.

இந்த மூன்று வரியையும் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இன்னொரு முறை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு நடக்கிறது. நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர்கள். மங்களமணி டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினான்கு மாதமாகச் சொல்லித் தருகிறார். இன்று ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்.

"தெனமும் தேதி போட்டு ஒரு வரியாவது எழுதணும் ஐயா. சாப்பிட்டேன், தூங்கினேன்னு இருந்தாலும் சரி" என்றார்.

சாப்பிட்டேன். இனிமேல்தான் தூங்க வேண்டும்.

7 மார்ச், ஞாயிறு

பவுனம்மாளோடு பட்டணத்துக்குப் போனேன். பவுனம்மாள் என் மனைவி. பஸ்ஸின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியில் இருந்த தமிழ்ப் பலகை எல்லாவற்றையும் படித்தேன். முடி திருத்தும் நிலையம். மளிகைக் கடை. தையல் இங்கே. இதே சடக்கில் ஐம்பது வருடம் போய்வந்திருக்கிறேன். அத்தனை பலகையும் அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தன. இன்று ஒரே நாளில் எல்லாம் என்னோடு பேசின.

"கொஞ்சம் மெதுவாத்தான் படிங்களேன். ஏலம் விடுறாப்புல இருக்கு. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் பவுனம்மாள்.

"பாக்கட்டும்" என்றேன்.

9 மார்ச், செவ்வாய்

கோழி மூன்று முட்டை.

13 மார்ச், சனி

இன்று ஒப்பிடுதல் படித்தோம். டீச்சர் கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் பசு, மறு பக்கம் ஆடு. இரண்டுக்கும் எது ஒன்று, எது வேறு என்று எழுத வேண்டும். கடைசியில் ஒரு முடிவு எழுத வேண்டும். வீட்டுப் பாடத்துக்கு நாம் அறிந்த இரண்டு மனிதர்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்.

மற்றவர்கள் மருமகளையும் மகளையும் எழுதப் போவதாகச் சிரித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆண்டியப்பன், சவரிமுத்து.

ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943இல், சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே லாரி, ஒரே கொட்டகை, ஒரே மண்வெட்டி. எனக்கு இருபது வயது. சவரி அப்போதே சொல்லுவான்: "ஒருத்தன் ஆண்டி, ஒருத்தன் சன்னாசி. ரெண்டு பேருக்கும் பிச்சை எடுத்துப் போடத்தான் கர்த்தர் என்னை அனுப்பியிருக்காரு."

14 மார்ச், ஞாயிறு

நடுவில் கோடு போட்டேன். அளவுகோல் இல்லை. அகப்பைக் காம்பை வைத்துப் போட்டேன். இரண்டு பேரும் வீரர்கள் என்று மேலே எழுதினேன்.

ஆண்டியப்பன் குள்ளம். சவரிமுத்து நெட்டை.
ஆண்டியப்பன் பேசமாட்டான். சவரி தூக்கத்திலும் பேசுவான்.
ஆண்டியப்பனுக்கு அட்டை என்றால் பயம், பாம்பு என்றால் பயம், ஜப்பான்காரனின் பூட்ஸ் சத்தம் என்றால் பயம். சவரிக்கு எதுவும் பயமில்லை. இடி இடித்தால் மட்டும் சிலுவை போட்டுக்கொள்வான்.
ஆண்டியப்பனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். சவரிக்குப் பெண் கொடுக்க யாரும் இல்லை.

சவரியின் வீரத்தையும் எழுதினேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கிழவரைக் காவல்காரன் மூங்கிலால் அடித்தான். சவரி நடுவில் போய் நின்றான். அடி அவன் முதுகில் விழுந்தது. அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபதைத் தாண்டியதும் "கணக்குத் தப்பிருச்சு, முதல்லேருந்து அடி" என்றான். தமிழ் தெரியாத காவல்காரன் முழித்தான். பயத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஒரு வாரம் அவன் குப்புறத்தான் படுத்தான்.

எழுதியதைப் பவுனம்மாளிடம் படித்துக் காட்டினேன். சவரி பெயர் வந்ததுமே எழுந்துவிட்டாள்.

"அந்த ஓடிப்போனவனையும் எம் புருசனையும் ஒரே தாள்ல எழுதுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதைப் படிக்கும் டீச்சருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆண்டியப்பன்தான் பவுனம்மாளின் முதல் கணவன். அவன் சயாமிலேயே செத்துப்போனான். நான்கு வருடம் கழித்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எம் புருசன் என்று அவள் சொன்னால் அது அவன். ஏங்க என்று கூப்பிட்டால் அது நான். நாற்பத்தாறு வருடமாக இப்படித்தான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

18 மார்ச், வியாழன்

சவரியின் மகள் ரோசலின் தோட்டத்துக் கடைக்குப் போன் செய்திருந்தாள். சவரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஊசி, மிஷின் எதுவும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டானாம். ஈஸ்டர் வரை இருந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பவுனம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. ஒங்களுக்கு அவன் கூட்டாளி. எனக்கு யாரு?"

"சாகக் கெடக்கிறான் பவுனு."

"எம் புருசனும்தான் சாகக் கெடந்தாரு. அப்ப அவன் நின்னானா?"

20 மார்ச், சனி

வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். அடி எண்ணிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. நான் எழுதியது, அவர்கள் சிரிக்கிறார்கள்!

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு ஐயா. ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் வீரர்கள்னு மேல எழுதியிருக்கீங்க. சவரிமுத்து அடி வாங்கினதை எழுதிட்டீங்க. ஆண்டியப்பன் என்ன செஞ்சாரு? இந்தப் பக்கம் காலியா இருக்கே. பயம், பயம், பயம்னுதான் இருக்கு."

"அவன்... காய்ச்சல்ல செத்துப்போனான் டீச்சர்" என்றேன்.

"அப்போ முடிவு எப்படி எழுதுவீங்க?"

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பலகையும் படிக்கவில்லை.

21 மார்ச், ஞாயிறு

சவரியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் மகள் வீடு தாமானில், புதுக் குடியிருப்பில் இருக்கிறது. முன் அறையில் கட்டில். நெட்டைச் சவரி கட்டிலில் பாதிதான் இருக்கிறான். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"வாடா படிச்சவனே. கண்ணாடி எங்க? படிச்சவன்லாம் கண்ணாடி போடுவானே?"

நோட்டைக் காட்டினேன். தடவிப் பார்த்தான். அவனுக்கும் எழுத்து தெரியாது. அவன் பெயர் எழுதியிருந்த இடத்தில் அவன் விரலை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"டேய், எல்லாத்தையும் எழுதலாம்னு இருக்கேன்" என்றேன்.

"எல்லாத்தையும்னா?"

"அந்த ஆத்தையும்."

சவரியின் முகம் மாறியது. "வேணாம். சவரி ஓடுனான்னு எழுது. அது பொய்யில்ல. நான் ஓடுனேன்தான். ஒனக்கு ஒருத்தி நாப்பத்தாறு வருசம் ஆக்கிப் போட்டிருக்கா. அதைக் கெடுத்துக்காத."

"ஒனக்குக் கஷ்டமா இல்லையா?"

"பழகிப்போச்சு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணே ஒண்ணுதான்டா. பவுனு என்னை அண்ணேன்னு கூப்பிடும். ஆண்டி கல்யாணத்துல நான்தானே மாப்பிள்ளைத் தோழன். அந்தச் சத்தத்தை ஒருக்கா கேட்டுட்டுப் போனா நல்லாருக்கும்."

23 மார்ச், செவ்வாய்

இன்று எழுத உட்கார்ந்தேன். ஆறு என்று எழுதினேன். அதற்குப் பிறகு விறகு பிளந்தேன். கோழிக்கூட்டுக் கதவைச் சரி செய்தேன். பக்கத்து வீட்டு விறகையும் பிளந்து கொடுத்தேன்.

25 மார்ச், வியாழன்

பவுனம்மாள் ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் முகாமை விட்டு ஓடிவிடுவதென்று பேசி வைத்திருந்தோம். சவரி ஒரு சயாம் படகுக்காரனைப் பிடித்திருந்தான். புதன்கிழமை விடியும் முன் வேலி தாண்ட வேண்டும்.

திங்கட்கிழமை அந்தக் காய்ச்சல் கிழவர் செத்துப்போனார். நானும் ஆண்டியப்பனும் தூக்கிக்கொண்டு போய் எரித்தோம். மேல் முகாமில் வாந்திபேதி பரவியிருந்தது. அந்த ஆறு அங்கிருந்துதான் வருகிறது. ஆற்றுத் தண்ணீர் வாயில் படக்கூடாது, காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பிணம் தூக்கிய கையோடு தலை முழுகாமல் எப்படிச் சோற்றைத் தொடுவது? எங்கள் அப்பா தொட்டதில்லை. தாத்தா தொட்டதில்லை.

"வேணாம்டா சன்னாசி. ஊருக்குப் போயி முழுகிக்கலாம். செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்று ஆண்டியப்பன் கரையிலேயே நின்றான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன்தானே என்று நினைத்தேன். நான் இறங்கினேன். மூன்று முழுக்கு போட்டேன். எழுந்து, பழக்கத்தில், வாய் கொப்பளித்துத் துப்பினேன். தண்ணீர் குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எனக்குப் பேதி கண்டுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. காவல்காரன்கூட ஓடையைத் தாண்ட மாட்டான்.

ஆண்டியப்பனுக்கு அன்று ஒரு குறையும் இல்லை. காய்ச்சலும் இல்லை. வேலி ஓரத்தில் சவரி அவன் கையைப் பிடித்து இழுத்தானாம், கெஞ்சினானாம். இவன் வரவில்லை. சவரி தனியாகப் போனான்.

புதன்கிழமை கண்ணைத் திறந்தபோது ஆண்டியப்பன் என் பாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூங்கில் குழாயில் காய்ச்சிய தண்ணீர், கஞ்சி, உப்பு. "நீ ஏன்டா போகல?" என்று கேட்டேன்.

"காலு வலிக்குது" என்றான்.

தினமும் வந்தான். அட்டைக்குப் பயந்தவன் ஓடையில் இறங்கி வந்தான். வாய் கொள்ளாமல் நான் கக்கியதைக் கையால் அள்ளினான். நான் பிழைத்துக்கொண்டேன். பத்தாவது நாள் அவனை என் பக்கத்துப் பாயில் கொண்டுவந்து போட்டார்கள். பதினோராவது நாள் போய்விட்டான்.

நான் ஊர் திரும்பியபோது பவுனம்மாள் லயத்து வீட்டு வாசலில் நின்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. "எப்ப படுத்தாரு? சவரி ஓடுறதுக்கு முன்னயா?" என்று கேட்டாள். அவளே அப்படி நினைத்துக்கொண்டு கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் போகும்வரை சவரி ஒரு மலாய்க் கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், ஒளிந்திருந்தான். நான் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தான். அதற்குள் என் தலையாட்டல் தோட்டம் முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. பவுனம்மாள் எல்லோர் முன்னாலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். சவரி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

கை வலிக்கிறது.

26 மார்ச், வெள்ளி

நேற்று எழுதியதைப் பவுனம்மாள் படிக்கச் சொன்னாள். ஓடிப்போவதென்று பேசி வைத்தது வரை படித்தேன். கிழவர் செத்தது வரை படித்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டேன்.

"அஞ்சு பக்கம் எழுதியிருக்கீங்க. ஒரு பக்கந்தான் படிச்சீங்க" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியும்."

27 மார்ச், சனி

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை வலிக்கவில்லை.

28 மார்ச், ஞாயிறு

காலையில் பசியாறியதும் பவுனம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன், அதனால் நேரமாகிறது. வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றால் முடியவில்லை. ஆறு என்று படித்தேன். மூன்று முழுக்கு என்று படித்தேன். தலையை ஆட்டினேன் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "படிங்க" என்றாள். படித்தேன்.

முடிந்ததும் எழுந்து போய்க் கோழிக்கு அரிசி போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தாள்.

29 மார்ச், திங்கள்

சோறு வைத்தாள். பேசவில்லை.

30 மார்ச், செவ்வாய்

பேசவில்லை. மீன் குழம்பு.

31 மார்ச், புதன்

என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். பேசவில்லை. பினாங்கிலிருந்து மகன் கடைக்குப் போன் செய்தபோது, "ஒங்கப்பா நல்லாத்தான் இருக்காரு" என்று சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

2 ஏப்ரல், வெள்ளி

காலையில் கோப்பித் தம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"எங்க போக?"

"சவரி வீட்டுக்கு."

4 ஏப்ரல், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ரோசலின் ஓலையில் முடைந்த சிலுவையைச் சவரியின் தலைமாட்டில் செருகியிருந்தாள். பவுனம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"ஏண்ணே," என்றாள், "ஒமக்கு வாயில்லையா? ஊருக்கே பேசுவீரே. நான் மண்ணை வாரித் தூத்துனப்ப எங்க போச்சு அந்த வாயி?"

சவரி என்னைப் பார்த்தான். சொல்லிட்டியா என்று கண்ணால் கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இந்த முறை உண்மைக்கு ஆட்டினேன்.

"வாயைத் தொறந்திருந்தா நீ இவனைச் சேத்துக்கிட்டிருப்பியா தங்கச்சி?" என்றான். "ஆண்டி தன் உசுரைக் குடுத்துக் காப்பாத்துன ஆளு இவன். ஒங்கிட்ட இருந்தாத்தான் ஒழுங்கா இருப்பான்னு தோணுச்சு. பாரு, இப்ப படிச்சே புட்டான்."

பவுனம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வேலிக்கிட்ட நின்னு அவரு என்னா சொன்னாரு? இவருக்குத் தெரியாது. ஒமக்குத்தான் தெரியும்."

சவரி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் சொன்னேன், ஒம் பொண்டாட்டி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காடான்னு. அதுக்கு அவன் சொன்னான்: 'பவுனுகிட்ட கேட்டாலும், சன்னாசியை விட்டுட்டு வராதேன்னுதான் சொல்லும்'னு."



"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்ணே" என்றாள் பவுனம்மாள். "விட்டுட்டு ஓடி வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

"நானும் அதையேதான் சொன்னேன் தங்கச்சி" என்றான் சவரி. "நீயும் நானும் ஒரே கட்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உயிரோடு நிற்பதற்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத முடியவில்லை.

அவள் கொண்டுபோயிருந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். நான்கு வாய் குடித்தான். "உப்பு பத்தலை" என்றான்.

"ஒமக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. பேசாம குடிங்கண்ணே."

6 ஏப்ரல், செவ்வாய்

ரோசலின் போன் செய்தாள். விடியற்காலையில் சவரி தூக்கத்திலேயே போய்விட்டான்.

7 ஏப்ரல், புதன்

அடக்கத்துக்குப் போய்வந்தோம். தேவாலயத்தில் ஒருவர் எங்களைப் பார்த்து "நீங்க இறந்தவருக்கு என்னா வேணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பவுனம்மாள் சொன்னாள்: "தங்கச்சி."

10 ஏப்ரல், சனி

வகுப்புக்குப் போனேன். டீச்சரிடம் நோட்டைக் கொடுத்தேன். மேசையில் வைத்து முழுவதும் படித்தார். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"முடிவு எழுதலையே ஐயா" என்றார்.

"ஒருத்தன் பதினோரு நாள் தாங்குனான் டீச்சர். ஒருத்தன் நாப்பத்தெட்டு வருசம் தாங்குனான். எந்தக் கோலால அளக்குறது?"

"அதையே எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

11 ஏப்ரல், ஞாயிறு

பவுனம்மாள் வேலை எல்லாம் முடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக மனதில் வைத்திருந்ததை இன்றுதான் கேட்டாள்.

"சவரி அண்ணன் ஓடுன வாரமே அவரு போயிட்டாருன்னு நெனைச்சிருந்தேன். அதுக்கப்புறம் பதினோரு நாளு இருந்திருக்காரு."

"ஆமா பவுனு."

"நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்திருக்காரு. தண்ணி காய்ச்சியிருக்காரு. பேசியிருக்காரு."

"ஆமா."

"அவரு ஒங்களுக்காக நின்னதுல எனக்குக் கோவம் இல்லைங்க. நின்னது அவரு. ஒங்க தப்பு அதில்ல. அந்தப் பதினோரு நாளை எனக்குத் தராம வச்சிருந்தீங்க பாருங்க, அதான்."

நான் மறுபடி தரையைப் பார்த்தேன்.

"எட்டு மாசந்தான் நான் அவரோட இருந்தேன். அதுல பாதி மறந்துபோச்சு. ஒங்ககிட்ட பதினோரு நாளு இருக்கு." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணொண்ணா எழுதுங்க. அன்னிக்கி மழை பேஞ்சுதா, அவரு என்னா உடுத்தியிருந்தாரு, சாப்பிட்டாரா, என்னா சொன்னாரு. ஒரு நாளையும் விடக்கூடாது. எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"மெதுவாத்தான் எழுதுவேன் பவுனு."

"மெதுவாவே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

புதுப் பக்கம் திருப்பினேன். அவள் எழுந்து போகவில்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் நாள், புதன். மழை இல்லை. ஆண்டியப்பன் சிவப்புத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான்.